மறுகுடியமர்வுத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஆற்றங்கரையிலும் கால்வாயோரத்திலும் வாழும் குடும்பங்களுக்கு மாற்று வீடு ஒதுக்கும்போது நேரும் முதல் தவறு, பிழைப்பு நடக்கும் இடத்தைக் கணக்கில் கொள்ளாமல் நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வீட்டைக் கட்டுவதாகும். 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் தன் தொடக்க ஆண்டுகளில், மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் செய்ததுபோல, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குக் குடியிருப்புகளைக் கட்டியது. அதனால் மீனவர்கள் கரையை விட்டுப் பிரிய நேரவில்லை. 2000ஆம் ஆண்டையொட்டி கண்ணகி நகரும், அதன் பின் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் உருவானபோது, நகரின் நடுவில் வாழ்ந்த குடும்பங்கள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளிப்போயின.

அந்தத் தொலைவு ஒவ்வொரு வீட்டின் நாளையும் மாற்றிவிட்டது. முன்பு நடந்தே போய் நான்கு வீடுகளில் வேலை செய்துவிட்டு, நடுவில் வந்து பிள்ளைக்குச் சோறு போட்ட தாய், இப்போது விடியுமுன் பேருந்துக்கு நிற்க வேண்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்காது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021இல் வந்த கட்டணமில்லாப் பயணம் பெரிய ஆறுதல்தான், ஆனால் அது காசை மிச்சப்படுத்துமே தவிர, சாலையில் கழியும் மணிக்கணக்கான நேரத்தைத் திருப்பித் தராது. எனவே இடத்தைத் தேர்வு செய்யும் முன், அங்கே குடியேறப்போகிறவர்கள் எங்கே, எந்த நேரத்தில் வேலைக்குப் போகிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டறிய வேண்டும்.

கல்வியாண்டின் நடுவில் குடும்பங்களை அப்புறப்படுத்துவதும் பெரும்பிழை. தேர்வு முடியும்வரை பொறுத்திருப்பதற்குப் பணம் எதுவும் தேவையில்லை.

பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்கள் உள்ளன. இட்லிக்கடை, இஸ்திரி வண்டி, மீன்கூடை ஆகியவற்றை நம்பி வாழ்ந்தவருக்குத் தெருவை ஒட்டிய வாசலே கடையாக இருந்தது. ஏழாம் மாடியில் அந்த வாசல் இல்லை. மின்தூக்கி பழுதானால் முதியவர்கள் கீழே இறங்கவே முடியாது. ஆகவே, பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்பதைக் கட்டடம் எழும் முன்பே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரைத்தளத்தை ஒதுக்குவதோடு, கட்டடங்களுக்கு இடையில் சிறு கடைகளுக்கான இடத்தை வரைபடத்திலேயே குறிக்க வேண்டும்.

வெள்ளத்தின் பெயரால் இடம்பெயர்க்கும்போது, கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் மழைநீர் எங்கே போகும் என்று பார்க்காமல் விடுவதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட பலர், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்த பெரும்பாக்கத்தில்தான் குடியேற்றப்பட்டனர். செம்மஞ்சேரியிலோ கனமழைக் காலங்களில் வீட்டு வாசல்வரை தண்ணீர் நிற்பது மக்களுக்குப் பழகிப்போன துயரம்.

கடைசியாக, குலுக்கல் முறையில் வீடு ஒதுக்குவதால் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் வெவ்வேறு கட்டடங்களுக்குச் சிதறிப்போகிறார்கள். அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுத்தவரும், வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொண்டவரும் எங்கேயோ போய்விட, அந்த உதவிகளை இனிக் காசு கொடுத்துத்தான் பெற வேண்டியிருக்கிறது. தெருவாரியாகப் பெயர்ப்பட்டியல் எடுத்து, ஒரு தெருவினருக்கு ஒரே கட்டடத்தை ஒதுக்கிவிட்டு, அதற்குள் மட்டும் குலுக்கல் நடத்தலாம்.