வெவ்வேறு காலத்துக் கூடைப்பந்தாட்ட வீரர்களை எண்களைக் கொண்டு ஒப்பிடுவது எப்படி?

மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டத்தை வேரூன்றச் செய்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள். 1990 ஆகஸ்டில் காணாமற்போன அருட்தந்தை யூஜின் ஹேபர்ட், புனித மிக்கேல் கல்லூரி அணியைப் பயிற்றுவித்தவர். அந்த மரபின் பயனாக, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக்கான என்.பி.ஏ.யின் வீரர்களில் யார் பெரியவர் என்ற விவாதம் இங்கு மூன்று தலைமுறைகளாக நடக்கிறது. மூத்தவர்கள் வில்ட் சேம்பர்லினையும், நடுவயதினர் மைக்கல் ஜோர்டானையும், இளையோர் லெப்ரோன் ஜேம்ஸையும் ஸ்டீபன் கறியையும் முன்னிறுத்துகிறார்கள். இந்த விவாதத்தைக் குரல் பலத்தால் அன்றிக் கணக்கால் நடத்த விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். சாதாரண தரக் கணிதம் தெரிந்தால் போதும். ஒரு கல்குலேட்டரும் கைவசம் இருக்கட்டும்.

ஒரு வீரரை இன்னொரு காலத்து வீரரோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது என்பதே முதல் விதி. ஒவ்வொருவரையும் முதலில் அவருடைய காலத்துச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். அந்தச் சராசரியிலிருந்து அவர் எவ்வளவு உயர்ந்து நின்றார் என்பதையே பிறகு மற்றவரின் உயரத்தோடு ஒப்பிட வேண்டும். படுவான்கரையில் வரட்சி ஆண்டொன்றில் ஒரு வயல் தந்த விளைச்சலை, மழை நன்கு பெய்த ஆண்டின் விளைச்சலோடு வைத்து எந்த விவசாயியும் எடைபோடுவதில்லை. அதே போகத்தில் பக்கத்து வயல்கள் என்ன தந்தன என்றுதான் கேட்பார்.

இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் ஒஸ்கார் ரொபர்ட்சனும் ரஸல் வெஸ்ட்புரூக்கும் ஆவர். 1961–62 பருவகாலத்தில் ரொபர்ட்சன் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட் (தவறிய எறிதலில் திரும்பும் பந்தைக் கைப்பற்றுதல்), 11.4 அசிஸ்ட் (சக வீரர் கூடை போட வழிசெய்யும் பாஸ்) எடுத்தார். ஒரு முழுப் பருவகாலத்திலும் மூன்று துறைகளில் இரட்டை இலக்கச் சராசரி, அதாவது ‘ட்ரிபிள் டபிள்’ சராசரி, பெற்ற முதல் வீரர் அவரே. 2016–17 இல் வெஸ்ட்புரூக் 31.6, 10.7, 10.4 என்ற எண்களோடு அதைச் செய்யும் வரை வேறு எவரும் அந்த இடத்தை எட்டவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே சாதனைதான்.

இனி ‘ட்ரூ ஷூட்டிங்’ எனப்படும் அளவை எடுத்துக்கொள்வோம். கூடையை நோக்கி எறிந்த வாய்ப்புகளிலிருந்து ஒருவர் எவ்வளவு புள்ளியைக் கறந்தார் என்பதை, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, பிரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி எறிதல்) ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து இது சொல்கிறது. பிரீ த்ரோ முயற்சிகளை 0.44 ஆல் பெருக்கி, அதனோடு மற்ற எறிதல் முயற்சிகளைக் கூட்டி, வரும் தொகையை இரட்டித்து, அதனால் மொத்தப் புள்ளிகளை வகுக்க வேண்டும். எல்லா பிரீ த்ரோக்களும் இரண்டிரண்டாக வருவதில்லை என்பதாலேயே 0.5 ஐ விட்டு 0.44 ஐப் பயன்படுத்துகிறோம். கூடை விழுந்தபின் கிடைக்கும் ஒற்றை எறிதலும், தொழில்நுட்பத் தவறுக்குக் கிடைக்கும் எறிதலும் புதிதாக ஒரு வாய்ப்பைச் செலவழிப்பதில்லை.

ரொபர்ட்சன் அந்தப் பருவகாலத்தில் ஆட்டத்துக்கு 22.9 தடவை கூடையை நோக்கி எறிந்தார், 11.0 பிரீ த்ரோ எடுத்தார். வெஸ்ட்புரூக்குக்கு இவை 24.0, 10.4. கணக்கிட்டால் இருவருக்கும் ஏறத்தாழ 55.4% வருகிறது. ஆனால் 1961–62 இல் முழு லீக்கின் சராசரி 47.9% மட்டுமே, 2016–17 இல் அது 55.2%. ரொபர்ட்சன் தன் காலத்து வீரர்களை விட ஏழரைச் சதவீதப் புள்ளி உயர்ந்து நின்றார், வெஸ்ட்புரூக் தன் காலத்துச் சராசரியோடு சமமாக நின்றார். வீரரின் சதவீதத்தை லீக்கின் சதவீதத்தால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் ரொபர்ட்சனுக்கு 116, வெஸ்ட்புரூக்குக்கு 100 என்று வரும்.

ரொபர்ட்சனின் ஆதரவாளர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது, ஏனெனில் ரீபவுண்டில் கணக்கு மறுபக்கம் சாய்கிறது. 1961–62 இல் எறிதல்கள் மிக அதிகம், தவறியவையும் மிக அதிகம். ஓர் அணி ஆட்டத்துக்குச் சுமார் 71 ரீபவுண்ட் எடுத்தது. 2016–17 இல் அது 43.5 ஆகக் குறைந்துவிட்டது. ரொபர்ட்சன் ஆட்டத்துக்கு 44.3 நிமிடம் களத்தில் நின்றார், வெஸ்ட்புரூக் 34.6 நிமிடமே நின்றார். இரு அணிகளின் ரீபவுண்டையும் கூட்டி, வீரர் களத்தில் நின்ற நேரத்தின் பங்கால் பெருக்கி, கிடைக்கும் எண்ணால் அவருடைய ரீபவுண்டை வகுத்தால், ரொபர்ட்சன் கைக்கெட்டிய ரீபவுண்டுகளில் சுமார் 9.5 சதவீதத்தையும் வெஸ்ட்புரூக் சுமார் 17 சதவீதத்தையும் எடுத்தார்கள் என்று தெரியும். ஒரே ‘ட்ரிபிள் டபிள்’ என்ற பெயருக்குள் இவ்வளவு வேறுபட்ட இரண்டு ஆட்டங்கள் இருப்பதைக் காட்டுவதுதான் இந்த முறையின் பெரும் பயன் என்று நான் கருதுகிறேன்.

அடுத்தது ஆட்டத்தின் வேகம். ஓர் அணி பந்தைப் பெற்று, அதை எதிரணியிடம் விடும் வரையான பகுதியை ஒரு ‘பொசெஷன்’ என்கிறோம். எறிதல் முயற்சிகளோடு பிரீ த்ரோக்களின் 0.44 பங்கையும் டேர்ன்ஓவர்களையும் (எறியாமலே பந்தை இழத்தல்) கூட்டி, தாக்குதல் ரீபவுண்டுகளை (தன் அணி தவறவிட்ட பந்தைத் தானே மீட்டல்) கழித்தால் இது கிடைக்கும். 1961–62 இல் 48 நிமிடத்துக்கு ஓர் அணிக்குச் சுமார் 126 பொசெஷன் என்று மதிப்பிடப்படுகிறது; 1987–88 இல் அது ஏறத்தாழ 100. சேம்பர்லின் அந்த 1961–62 பருவகாலத்தில் எடுத்த 50.4 புள்ளிச் சராசரி இன்றுவரை எட்டப்படாத ஒன்று. மேலதிக நேரங்களும் சேர்ந்ததால் அவர் ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் விளையாடினார். நிமிடத்தையும் வேகத்தையும் சரிசெய்து, லீக்கின் சராசரி வேகத்தில் 100 பொசெஷனுக்கு எவ்வளவு என்று பார்த்தால் அவருக்கு ஏறத்தாழ 40 புள்ளியும், 1987–88 இல் 40.4 நிமிடத்தில் 35.0 புள்ளி எடுத்த ஜோர்டானுக்கு ஏறத்தாழ 42 புள்ளியும் வருகின்றன. தத்தம் காலத்துச் சராசரியோடு ஒப்பிட்ட ட்ரூ ஷூட்டிங் இருவருக்குமே 112 தான். 50.4 க்கும் 35.0 க்கும் இடையில் மலைக்க வைத்த இடைவெளி இவ்வாறு மறைந்துவிடுகிறது. எனினும் ஓய்வே எடுக்காமல் முழுநேரமும் ஆடிய சேம்பர்லினின் உடலாற்றலை இந்தச் சரிசெய்தல் கணக்கில் எடுப்பதில்லை. அதைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குள் அடக்கும் கூட்டு அளவைகளில் ஜோன் ஹொலிஞ்சர் வகுத்த ‘பி.ஈ.ஆர்.’ (வீரரின் செயற்திறன் மதிப்பீடு) பரவலாக அறியப்பட்டது. ஒவ்வொரு பருவகாலத்திலும் லீக்கின் சராசரி 15 ஆக வருமாறு இது அமைக்கப்பட்டிருப்பதால் காலம் கடந்த ஒப்பீட்டுக்கு வசதியானது. ஜோர்டானின் வாழ்நாள் பி.ஈ.ஆர். 27.9, நிக்கோலா யோக்கிச் 2021–22 இல் 32.8 ஐ எட்டினார். ஆனால் பில் ரஸலின் வாழ்நாள் எண் 18.9 மட்டுமே. 13 பருவகாலங்களில் 11 தடவை சம்பியன் பட்டம் வென்ற அணியின் அச்சாணி அவர். பிளொக்குகளும் (எதிரியின் எறிதலைத் தடுத்தல்) ஸ்டீல்களும் (பந்தைப் பறித்தல்) 1973–74 முதல்தான் பதிவாகத் தொடங்கின, தனிவீரர்களின் டேர்ன்ஓவர்கள் 1977–78 முதல்தான். ரஸல் 1969 இல் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய மிகப் பெரிய திறமையை எவரும் எண்ணவில்லை. அணியின் வெற்றிகளை வீரர்களுக்குப் பங்கிட்டு, அணியின் தற்காப்பையும் கணக்கில் எடுக்கும் ‘வின் ஷெயார்ஸ்’ முறையில் தற்காப்புப் பிரிவில் வாழ்நாள் முதலிடம் அவருக்கே உரியது. ஆகவே எந்தக் கூட்டு அளவையைப் பயன்படுத்தும் முன்பும், அதற்குள் செல்லும் தரவுகள் அந்த வீரரின் காலத்தில் பதிவாகினவா என்று பார்க்க வேண்டும். மூன்று புள்ளிக் கோடு 1979–80 இல் வந்தது என்பதையும், 1994–95 முதல் மூன்று பருவகாலங்களுக்கு அக்கோடு கூடைக்கு நெருக்கமாகக் கொண்டுவரப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உயர்தர வகுப்பில் நியம விலகல் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) படித்தவர்கள் ஒரு படி மேலே செல்லலாம். சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறார் என்று பார்த்தால், எல்லோரும் நெருங்கிய தரத்தில் ஆடிய காலத்தையும் ஏற்றத்தாழ்வு மிகுந்த காலத்தையும் நியாயமாக நிறுக்க முடியும். ஆயினும் சராசரியோடு ஒப்பிடும் எந்த முறையும் சராசரியே உயர்ந்துவிட்டதை மறந்துவிடுகிறது. 1961–62 இல் லீக்கில் 9 அணிகள் மட்டுமே இருந்தன, வீரர்கள் ஏறக்குறைய எல்லோரும் அமெரிக்கர்கள். இன்று 30 அணிகள். சேர்பியாவிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்தவர்கள் மிகச் சிறந்த வீரர் விருதை வெல்கிறார்கள். இதற்கு ஒரு பெருக்கெண் கண்டுபிடிக்க முயல்வதை விட, எண்ணை அப்படியே வைத்துவிட்டு இந்தக் காரணத்தைப் பக்கத்தில் எழுதி வைப்பதே மேல்.

இதே கணக்கை நம்மூர் வீரர்களுக்குச் செய்ய விரும்புவோர் ஒரு தடையை உடனே சந்திப்பார்கள். ஆட்டத்தின் உத்தியோகபூர்வ புள்ளித்தாளில் விழுந்த கூடைகளும் தவறுகளும் பதிவாகின்றனவே தவிர, தவறிய எறிதல்களும் ரீபவுண்டுகளும் பதிவாவதில்லை. எனவே பழைய தாள்கள் கிடைத்தாலும் அக்காலத்து வீரர்களின் ட்ரூ ஷூட்டிங்கைக் கணிக்க முடியாது. ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் எடுத்த மொத்தப் புள்ளிகளில் ஒருவரின் பங்கு எவ்வளவு என்பதோடு நின்றுவிட வேண்டும். வருங்கால ஒப்பீட்டுக்காக, மட்டக்களப்பு வெபர் மைதானத்திலோ பாடசாலைத் திடல்களிலோ நடக்கும் ஆட்டங்களுக்குத் தனித் தாள் ஒன்றை வைத்திருக்கலாம். அதில் வீரர் நின்ற நிமிடம், இரண்டு புள்ளி முயற்சி, மூன்று புள்ளி முயற்சி, பிரீ த்ரோ, தாக்குதல் ரீபவுண்ட், தற்காப்பு ரீபவுண்ட், டேர்ன்ஓவர் என்று நிரல்கள் இருக்கட்டும். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம், சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடம் என்பதால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று எழுதாமல் பொசெஷனுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். 0.44 என்பது என்.பி.ஏ. ஆட்டங்களிலிருந்து பெற்ற எண். பாடசாலை ஆட்டங்களில் அது மாறக்கூடும் என்பதால், எத்தனை பிரீ த்ரோக்கள் ஒரு பொசெஷனை முடித்தன என்பதையும் தனியே எண்ணி வையுங்கள். எதிரணியின் எண்களையும் அதே கவனத்தோடு எழுத வேண்டும். அவை இல்லாமல் ரீபவுண்ட் சதவீதத்தைக் கணிக்க வழியில்லை.