வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புவோர் முதல் ஓராண்டைக் கடப்பது எப்படி?

பத்து, இருபது ஆண்டுகள் துபாயிலோ ரியாத்திலோ தோகாவிலோ உழைத்துவிட்டு, விசாவைக் கேன்சல் செய்து ஒரேயடியாக ஊருக்கு வருபவர், விடுமுறைதோறும் வந்து பழகிய ஊருக்குத்தானே வருகிறோம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் விடுமுறையில் பார்த்தது, வந்தவருக்காகத் தன் வேலைகளை ஒதுக்கிவைத்துக் காத்திருந்த ஊர். இப்போது எதிர்ப்படுவதோ அவர் இல்லாமலே நடந்து பழகிவிட்ட ஊர். ஆகவே முதல் ஓராண்டில் பெரிய முடிவு எதையும் எடுக்காமல், ஆவணங்களைச் சரிசெய்வதற்கும் வீட்டைக் கற்றுக்கொள்வதற்கும் அந்தக் காலத்தைக் கொடுப்பதே நல்லது.

புறப்படும் தேதியைக் குறிப்பதற்கு முன், வேலையை விடும்போது நிறுவனம் தரவேண்டிய பணிக்கொடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்குப் பிந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளமும் சேரும். ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் நிறுவனம் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். சவூதியில் தாமாக வேலையை விடுபவருக்குப் பத்து ஆண்டுப் பணி நிறைந்திருந்தால்தான் முழுத்தொகை. ஐந்துக்கு மேல் பத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்குதான். ஒன்பதரை ஆண்டு முடித்தவர் ஆறு மாதம் பொறுத்திருந்தால் கிடைக்கும் வேறுபாடு சிறியதன்று. வங்கிக் கடனையும் கிரெடிட் கார்டு பாக்கியையும் அடைத்து, நிலுவையில்லாச் சான்றையும் நிறுவனத்தின் அனுபவச் சான்றையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகே விமானம் ஏறுங்கள். ஊரிலிருந்துகொண்டு இவற்றைக் கேட்டுப் பெறுவது பெரும்பாடு. இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டையும் அங்கிருக்கும்போதே எடுத்துவிடலாம். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்கத் தொடங்குமுன் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கக்கூடும் என்பதால், முன்கூட்டியே எடுத்த காப்பீடு உரிய காலத்தில் உதவும்.

நிலையாகத் தங்க வந்ததும் வங்கிக்குத் தெரிவித்து, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ (வெளிநாட்டு வருமானத்துக்கு), என்ஆர்ஓ (இந்திய வருமானத்துக்கு) கணக்குகளை உள்நாட்டவர் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். என்ஆர்ஈ வட்டிக்கு இருந்த வரிவிலக்கு அதன்பின் இல்லை. வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆர்எஃப்சி எனப்படும், உள்நாட்டவருக்கான வெளிநாட்டு நாணயக் கணக்கு தொடங்கலாம். முந்தைய ஏழு நிதியாண்டுகளில் மொத்தம் 729 நாட்களோ அதற்குக் குறைவாகவோ இந்தியாவில் இருந்தவர், வருமான வரிச் சட்டப்படி 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற நிலையைப் பெறுவார். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் வரும் வட்டி, வாடகை போன்றவற்றுக்கு இங்கே வரி கிடையாது. கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகளை வைத்து நாட்களை எண்ணி, ஆடிட்டர் ஒருவரிடம் காட்டுங்கள். ஆதாரில் பழைய செல்பேசி எண் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஓடிபி வராமல் இங்கே பல வேலைகள் நகர்வதில்லை.

குடும்பத்தோடு அங்கிருந்தவர்களுக்குப் பள்ளிதான் முதற்கவலை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய சட்டம் 2006-இல் வந்தது. ஆகவே தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையை எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்ப்பதைவிட, ஓராண்டு முன்பே அங்கு வீட்டில் எழுத்துப் பழக்கிக் கூட்டிவருவது பிள்ளைக்குச் செய்யும் பேருதவி.

வீட்டைக் கற்பதுதான் எல்லாவற்றிலும் கடினம், அதைப் பலர் ஒரு வேலையாகவே கருதுவதில்லை. மனைவியை ஊரில் விட்டுச் சென்றவர், திரும்பி வந்த முதல் சில மாதங்களுக்குப் புகுந்த வீட்டுக்கு வந்த புதுமருமகளைப் போலத்தான் நடந்துகொள்ள வேண்டும். இத்தனை ஆண்டுகளாக அனுப்பிய பணத்தை மின்கட்டணத்துக்கும் சீட்டுத் தவணைக்கும் மாமியாரின் மாத்திரைக்கும் பிரித்துக் கொடுத்து, கொத்தனாரிடம் பேரம் பேசி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் ஆட்டோ பிடித்து ஓடி, ஒரு நிர்வாகத்தையே நடத்தியவர் மனைவி. வந்த மறுவாரமே சாவிக்கொத்தையும் ஏடிஎம் கார்டையும் கேட்டு வாங்குவது, அந்த உழைப்பைக் கணக்கில் வைக்காத செயல். எந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அவரிடமே கேளுங்கள். அவர் கொடுப்பது உங்கள் அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வேலையாக இருந்தால், அதைத் தவறாமல் செய்யுங்கள். இமோ செயலியின் காணொளி அழைப்பில் மட்டும் அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் கண்டிப்பைப் பிறகு காட்டலாம். முதலில் அவர்களின் நண்பர்கள் யார், எந்த ஆசிரியரைப் பிடிக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் உள்ள மொய் நோட்டை ஒருநாள் மனைவியோடு உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். நீங்கள் இல்லாத ஆண்டுகளில் யார் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு செய்தோம், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள், யார் திருப்பிச் செய்யாமல் விட்டார்கள் என்பதெல்லாம் அதில் ஊர், பெயர், தொகையோடு இருக்கும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் ஆடி மாதம், மொய் வாங்குவதற்கென்றே மொய் விருந்து நடத்தும் ஊர்களில், இதைத் தெரியாமல் ஒரு பந்தியில் போய் உட்காரவே முடியாது. எந்த உறவு நெருங்கியிருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று எவரையும் கேட்காமலே அந்த நோட்டில் தெரிந்துகொள்ளலாம்.

கையில் செட்டில்மென்ட் பணம் இருப்பது ஊருக்கே தெரியும் என்பதால், கடன் கேட்டும் கூட்டுத்தொழிலுக்கு அழைத்தும் ஆட்கள் வருவார்கள். பணத்தின் பெரும்பகுதியை ஓராண்டு வைப்புத்தொகையாகப் போட்டுவிட்டால், "வங்கியில் கட்டிப் போட்டுவிட்டேன், அடுத்த ஆண்டுதான் வரும்" என்று உண்மையையே பதிலாகச் சொல்லலாம். உணவகமோ செல்பேசிக் கடையோ தொடங்கும் எண்ணமுள்ளவர், முதலில் அத்தகைய கடையில் ஆறு மாதம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது நல்லது. வளைகுடாவிலிருந்து வந்தவர் கூலிக்குப் போகிறாரே என்று நாலு பேர் பேசுவதை அந்த ஆறு மாதம் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்தபடி நிலம் வாங்கியவர்கள், பத்திரம் தம் பெயரில் இருப்பதோடு பட்டாவும் மாறியிருக்கிறதா என்று இணையத்தில் பார்த்து, வாங்கிய நாளிலிருந்து இன்றுவரைக்கும் வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். உறவினருக்கு எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரம் இன்னும் நடப்பில் இருந்தால், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பதிவு அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிந்து, அது வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கிறதா என்பதையும் சில வாரம் கழித்துச் சரிபாருங்கள்.