மரத்துக்கும் ஒரு நாள் ஓய்வு: அன்றாட ஒழுங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களில், மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்கு முன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் என்பதால், அப்போதுதான் பால் தடையின்றிச் சிரட்டைக்குள் வடியும். ஆனால் இன்று வெட்டிய மரத்தைப் பெரும்பாலும் நாளை வெட்டுவதில்லை; வடிந்த பால் மீண்டும் ஊற வேண்டும் என்பதற்காக ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுகிறார்கள். ஆசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு, பால் அடியோடு நின்றுபோகக்கூடும்.

எழுத்து, ஓவியம், வடிவமைப்பு, கற்பித்தல் என எதில் இருப்பவரும் முதலில் செய்யும் தவறு, இந்த ஓய்வு நாளை ஒழுங்குக்கு வெளியே வைப்பதுதான். காலை முதல் இரவு வரை ஒவ்வொரு மணிக்கும் ஒரு வேலையை எழுதி வைத்துவிட்டு, நேரம் மிஞ்சினால் புதிதாக ஏதாவது செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறோம். நேரம் மிஞ்சுவதே இல்லை. தோட்டத்தில் வெட்டாத நாளும் வெட்டு முறையின் ஒரு பகுதி. அதுபோல, வாரத்தில் இரண்டு மாலைகளையாவது எந்த வேலையும் குறிக்காமல் முதலில் ஒதுக்கிவிட்டு, மற்ற வேலைகளை அதைச் சுற்றி அடுக்க வேண்டும். அப்படி ஒதுக்கிய மாலையைக் கைபேசிக்குக் கொடுத்துவிட்டால் ஒதுக்கியதில் பயனில்லை, ஏனென்றால் ஊறுவதற்கு மனத்துக்கு வெற்றிடம் வேண்டும்.

அடுத்த தவறு, பிறருடைய நேரத்தை நம்முடையதாக்கிக்கொள்வது. அதிகாலையில் எழுபவரே சாதிப்பார் என்ற பேச்சை நம்பி, இரவில்தான் சிந்தனை தெளியும் என்று தன்னளவில் அறிந்தவர்கூட நான்கு மணிக்கு எழுந்து தூக்கக் கலக்கத்தோடு மேசை முன் அமர்கிறார். பால்வெட்டுபவர் அந்த நேரத்தில் எழுவது மரத்தின் இயல்பு அப்படி இருப்பதால். அதை எல்லோருக்குமான விதியாக்குவது தவறு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். இரண்டு வாரம், எந்த நேரத்தில் செய்த வேலை திருத்தம் குறைவாகக் கேட்டது என்று குறித்து வாருங்கள்; அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் அசையாததாக்கிவிட்டு, மற்றவற்றைச் சற்றுத் தளர்வாகவே விடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மனம் வரும்போது செய்துகொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள், ஒழுங்கு வந்தால் கற்பனை வற்றிவிடும் என்று அஞ்சுகிறார்கள். தோவாளையில் பூக்களை மடித்து மாணிக்கமாலை கட்டுபவர்களின் கைகளை ஒரு முறை பார்த்தால் அந்த அச்சம் நீங்கும். ஒரே மடிப்பை ஆயிரம் முறை மடித்துப் பழகிய விரல், எங்கே எந்த நிறத்தை வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று யோசிப்பதற்கு மனத்தை விடுவித்துவிடுகிறது. மடிக்கவே தடுமாறும் கைக்குப் புது வடிவம் தோன்ற இடமில்லை.

ஒரு நாள் தவறியதும் எல்லாவற்றையும் கைவிடுவது மிகப் பரவலான தவறு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளையும் பெறும் இந்த மாவட்டத்தில், பட்டை நனைந்து வெட்ட முடியாமல் போகும் நாள்கள் ஏராளம். அதற்காகத் தோட்டத்தை விட்டுவிடுவதில்லை; மரத்தில் பிளாஸ்டிக் மழைக்காப்பைக் கட்டிவிட்டு, அடுத்து வெட்ட முடிகிற நாளில் கத்தியை எடுத்துச் செல்கிறார்கள். காய்ச்சலாலோ கல்யாண வீட்டாலோ நம் வழக்கம் அறுந்தால், தவறிய நாள்களின் பாக்கியை ஒரே நாளில் தீர்க்க முயலாமல், அன்றைய அளவை மட்டும் செய்வது போதும்.

நீண்ட இடைவெளிகளை வெறும் இழப்பாகவே கருதுவதும் சரியன்று. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. வருமானம் நின்றுபோகும் அந்த நாள்கள் குளச்சல் பகுதி மீனவர்களுக்கு எளியவை அல்ல என்பதை மறந்து இதை எழுதவில்லை. ஆனாலும் கடலில் இருக்கும்போது செய்ய முடியாத படகுப் பழுதும் வலைச் சீரமைப்பும் அப்போதுதான் நடக்கின்றன. நம் வேலையிலும் தேர்வு முடிந்த பிறகோ, கணக்கு முடிந்த பிறகோ இப்படி ஒரு மந்த காலம் வரும். அவசரத்தில் தள்ளிவைத்த புதுக் கருவியைப் பழகவும், பாதியில் நின்ற கதையைத் திரும்ப எடுக்கவும் அந்த வாரங்களை இப்போதே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.