3.3 வோல்ட் லைனில் ஓவர்ஷூட்: அளப்பதும் அடக்குவதும்

புதிதாக வருகிற பொறியாளர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "போர்டு ஓடுது, டேட்டா சரியா வருது, அப்புறம் என்ன?" இன்று ஓடுவது வேறு, பத்து வருஷம் ஓடுவது வேறு. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். அதைக் கெடுப்பதுதான் ஓவர்ஷூட்: சிக்னல் ஏறும்போது சப்ளை வோல்டேஜைத் தாண்டி ஒரு கணம் எகிறுவது.

மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து ஃபிளாஷ் மெமரிக்குப் போகும் 50 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவரின் (சிக்னலை அனுப்பும் சுற்று) உள்தடை 20 ஓம், ட்ரேஸ் (போர்டின் செம்புத் தடம்) ஓடும் அலைக்குக் காட்டும் தடையான இம்பீடன்ஸ் 50 ஓம் என்றால் 2.36 வோல்ட் அலை கிளம்பும். ஃபிளாஷின் இன்புட் ஏறக்குறைய திறந்த முனை. அங்கே அது இரட்டித்து 4.7 வோல்ட்டுக்கு ஏறப் பார்க்கும். சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு 4 வோல்ட் பக்கத்தில் பிடித்து நிறுத்தும். ஸ்கோப்பில் (அலைவடிவத்தைக் காட்டும் ஆசிலோஸ்கோப்) உச்சி தட்டையாகத் தெரிந்தால் நிம்மதி அடையாதீர்கள். டயோடு வழியே மின்னோட்டம் பாய்கிறது என்று அர்த்தம்.

பல டேட்டாஷீட்டுகளில் சிப்பின் காலுக்கு, அதாவது பின்னுக்கு, அனுமதி சப்ளைக்கு மேல் 0.3 வோல்ட்தான். அதற்கு மேல் ஒவ்வொரு ஏற்றத்திலும் 1 நானோசெகண்ட் நின்றால் மொத்த நேரத்தில் 5 சதவீதம். பத்து வருஷம் இடைவிடாமல் ஓடும் க்ளாக்குக்கு அது ஆறு மாதம்! சிப்பின் டிரான்சிஸ்டர்களில் சில நானோமீட்டர் தடிமனுள்ள காப்புப் படலமான கேட் ஆக்சைடு அத்தனை நேரமும் கூடுதல் அழுத்தத்தில் தேய்கிறது. வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் தேய்மானம் பல மடங்காகும், சூடு அதை இன்னும் வேகப்படுத்தும். அதனால்தான் டிடிஆர்3 மெமரி தரநிர்ணயம் உச்சத்துக்கு சப்ளைக்கு மேல் 0.4 வோல்ட் என்று வரம்பு வைத்ததோடு நிற்காமல், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்று இரண்டும் சேர்ந்த பரப்புக்கும் வோல்ட்-நானோசெகண்டில் வரம்பு வைத்திருக்கிறது.

அளப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ரைஸ் டைம் (சிக்னல் ஏற எடுக்கும் நேரம்) 1 நானோசெகண்ட் என்றால் குறைந்தது 350 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் ஓவர்ஷூட்டை மழுப்பி, அழகான அலையைக் காட்டிவிடும். ஸ்கோப்பின் அளக்கும் முனையான புரோபின் நீண்ட கிரவுண்ட் ஒயர் இதற்கு நேர்மாறு: 15 செ.மீ. ஒயரும் புரோபின் 10 பிகோஃபாரடும் சேர்ந்து 130 மெகாஹெர்ட்ஸ் அளவில் தாமாகவே அதிரும், இல்லாத ரிங்கிங்கை (அதிர்வலை) காட்டும். ஒயரைக் கழற்றிவிட்டு, புரோப் முனையில் சின்ன ஸ்பிரிங் கிரவுண்டை மாட்டுங்கள். தொடவேண்டிய இடம் ஃபிளாஷின் பின், டிரைவர் பக்கம் அல்ல.

சப்ளையை அதன் மேல் வரம்பில் வைத்து, போர்டைக் குளிரவைத்தும் ஒருமுறை பாருங்கள். குளிரில் டிரைவர் பலமாகும், எட்ஜ் (சிக்னலின் ஏற்ற இறக்கம்) கூர்மையாகும். பெரும்பாலும் அப்போதுதான் ஓவர்ஷூட் மோசமாகத் தெரியும்.

சரி, அடக்குவது எப்படி? முதலில் ஃபர்ம்வேரில் (மைக்ரோகன்ட்ரோலருக்குள் ஓடும் நிரல்) அந்தப் பின் சிக்னலை மாற்றும் வேகத்தை ஒரு படி குறையுங்கள். காசு செலவில்லாத வைத்தியம். போதாவிட்டால் டிரைவர் பின்னை ஒட்டி ஒரு சீரிஸ் ரெசிஸ்டர். டிரைவரின் தடையும் அதுவும் சேர்ந்து ட்ரேஸின் 50 ஓமுக்குச் சமமாக வேண்டும்: 50-ல் 20 போனால் 30. கையில் கிடைக்கிற 33 ஓமில் தொடங்குங்கள். ஃபிளாஷ் பக்கம் வைத்தால் பெரிதாகப் பலன் இருக்காது. புது டிசைனில் க்ளாக் லைன் ஒவ்வொன்றிலும் அதற்கு இடம் விட்டே லேஅவுட் போடுங்கள், தேவையில்லை என்றால் ஜீரோ ஓம் ரெசிஸ்டரை (வெறும் இணைப்பு) மாட்டிக்கொள்ளலாம். அதே பார்ட் நம்பரில் பிற்பாடு வேகமான சிப் வந்து சேர்ந்தால் அந்த இடம் கைகொடுக்கும்.

ரெசிஸ்டர் மாட்டியதும் மறுபடி அளங்கள். கிரவுண்டுக்குக் கீழே இறங்கும் அண்டர்ஷூட்டும் -0.3 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும்.