‘லைன்’ என்ற ஒரே சொல்லை எல்லாப் பொருளிலும் பழகுவது எப்படி?

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஏ, பி, சி, டி படிக்கும் முன்பே தெரிந்துவிடும் இங்கிலீஷ் சொல் ‘லைன்’. தொழிலாளர் குடியிருப்பு வரிசையைக் குறிக்கும் லயம், லயன், அதிலுள்ள அறையான லயத்துக் காம்பரா எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவர்கள் இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். கொப்பியும் பேனையும் போதும்.

படி 1: வேரைப் பாருங்கள்.
லத்தீனில் ‘லினும்’ என்றால் நார் எடுக்கும் ஆளிச் செடி. ‘லினன்’ துணிக்கும் இதுதான் வேர். அதனால் நூல், கயிறு என்பவை ‘லைன்’ சொல்லின் பழைய பொருள்கள். உடுப்புக் காயப்போடும் கொடி ‘வாஷிங் லைன்’. தூண்டில் நூல் ‘ஃபிஷிங் லைன்’. நூலை இழுத்துப் பிடித்தால் கோடு. கோட்டிலிருந்து வரிசை, கவிதை வரி, ரயில் பாதை என்று பொருள் விரிந்தது.

படி 2: நம் லயத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.
படைவீரர்களின் குடியிருப்பு வரிசைகளையும் ஆங்கிலேயர் ‘லைன்ஸ்’ என்றார்கள். தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துக் கட்டிய காம்பராக்களுக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் வெளிநாட்டவரிடம் ‘ஐ லிவ் இன் எ லைன்’ என்றால் விளங்காது. ‘லைன் ரூம்’ என்று சொல்லி, அது தோட்டத் தொழிலாளர் வீடு என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேருங்கள்.

படி 3: பக்கத்துச் சொல்லைக் கவனியுங்கள்.
பொருளைக் காட்டிக்கொடுப்பது அதுதான். ஹற்றன் பஸ் நிலையத்தில் வரிசையில் நின்றால், அமெரிக்கர் ‘ஸ்டாண்டிங் இன் லைன்’ என்பார்; பிரித்தானியர் ‘கியூ’ என்பார். ‘இன் லைன் வித்’ என்று வந்தால் வரிசையே இல்லை, ‘அதற்கு ஏற்ப’ என்று பொருள். ‘ஹோல்ட் த லைன்’ என்றால் போனை வைக்காமல் இருங்கள். ‘ட்ராப் மீ எ லைன்’ என்றால் நாலு வரி எழுதிப் போடு.

படி 4: வினையாகவும் எழுதிப் பாருங்கள்.
பலரும் விட்டுவிடும் இடம் இது. பரீட்சையில் தடுக்குவதும் இங்கேதான். ‘ட்ரீஸ் லைன் த ரோட்’ என்றால் ரோட்டோரம் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. இன்னொரு வினை ‘உட்பக்கம் பொதிதல்’. உடுப்புக்கு உள்ளே லினன் துணி வைத்துத் தைத்ததால் வந்த பொருள். முன்பு தேயிலை ஏற்றிய பலகைப் பெட்டிகளின் உட்புறத்தில், ஈரம் புகாமல் உலோகத் தகடு பொதிவார்கள். அதை ‘லைன்ட் வித் ஃபாயில்’ என்று எழுத வேண்டும்.

படி 5: சொந்தமாக ஐந்து வாக்கியம்.
கொழும்பிலிருந்து புறப்படும் ‘மெயின் லைன்’ ரயில் பாதை 1924இல் பதுளையைத் தொட்டது. அதை வைத்து ஒன்று எழுதலாம். கொழுந்து எடுப்பவர்கள் பிடிக்கும் நிரையை, அதாவது தேயிலைச் செடி வரிசையை, வைத்து இன்னொன்று. எழுதி முடித்ததும் ‘லைன்’ இருக்கும் இடத்தை விரலால் மறைத்து, கூடப் படிப்பவரிடம் என்ன சொல் என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் பக்கத்துச் சொற்கள் போதவில்லை. வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதுங்கள்.