மார்ச் ஐட்ஸ்: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ரோமில் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட மார்ச் 15-ஐப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் 'ஐட்ஸ்' என்ற சொல்லுக்கே கெட்ட சகுனம் என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள். முதலில் விட வேண்டியது இதைத்தான். ஐட்ஸ் என்பது ரோமானிய மாதத்தின் நடுநாள். ஆதியில் பௌர்ணமியை ஒட்டி அமைந்த நாள். ரோமானியரின் தலைமைக் கடவுளான ஜூபிடருக்கு உரியது என்பதால் ஒவ்வொரு ஐட்ஸிலும் வெள்ளை நிறச் செம்மறியைப் பலி கொடுத்தார்கள்.

எல்லா மாதத்திலும் ஐட்ஸ் 15-ஆம் தேதி வராது. மார்ச், மே, ஜூலை, அக்டோபருக்கு மட்டும்தான் 15. மற்ற எட்டுக்கும் 13. அப்புறம், ரோமானியர்கள் அடுத்து வரும் ஐட்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள், ஐட்ஸையும் கணக்கில் சேர்த்து. 'ஐட்ஸுக்கு முன் மூன்றாம் நாள்' என்றால் மார்ச் 13. பதினைந்தில் மூன்றைக் கழித்து 12 என்று போட்டால் தப்பு. மாதத்தின் முதல் நாளுக்குக் கலெண்ட்ஸ் என்று பெயர். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் 'காலண்டர்' அந்தச் சொல்லின் வழி வந்ததுதான்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இன்னொன்று. மார்ச் ஐட்ஸ் அன்று அன்னா பெரென்னா என்ற தேவதைக்குத் திருவிழா. கவிஞர் ஓவிட் அதைக் கண்முன் நிறுத்துகிறார்: டைபர் ஆற்றங்கரைப் புல்லில் ஜோடி ஜோடியாக ஜனங்கள், மரக்கிளையில் போட்ட குடிசைகள், நாணலை நட்டு மேலே அங்கியை விரித்த பந்தல்கள். எத்தனை வருஷம் வாழ ஆசையோ அத்தனை கோப்பை மது. போதையில் ஒரு கிழவி, போதையில் கிடக்கும் தன் கிழவனை இழுத்துக்கொண்டு வீடு திரும்புகிறாள். இந்தக் கிழவியை விட்டுவிட்டு இந்த நாளின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை.

சரி, சீசருக்கு வருவோம். கி.மு. 44-இல் கொல்லப்பட்டபோது அவர் பேரரசர் இல்லை, ஆயுட்கால சர்வாதிகாரி. கொலை நடந்ததும் நகரின் மையச் சதுக்கமான ஃபோரத்தில் இருந்த செனட் சபைக் கட்டடத்தில் இல்லை. தளபதி பாம்ப்பி கட்டிய நாடக அரங்கை ஒட்டிய மண்டபத்தில். கொலையாளிகளில் ஒருவரான புரூட்டஸைப் பார்த்து 'புரூட்டஸ், நீயுமா?' என்று சீசர் லத்தீனில் சொன்னதாகப் பரவியது ஷேக்ஸ்பியர் நாடகத்தால். சகுனம் பார்க்கும் ஸ்பூரின்னா எச்சரித்தது உண்மையில் அந்த ஒரு நாளைப் பற்றியல்ல. ஆபத்து ஐட்ஸைத் தாண்டிப் போகாது என்றார். "ஐட்ஸ் வந்துவிட்டதே" என்று சீசர் கேலி செய்ய, "வந்தது, இன்னும் போகவில்லை" என்றாராம்.

புரூட்டஸ் பிறகு ஒரு நாணயம் அடித்தார். இரண்டு குத்துவாள்கள், நடுவில் விடுதலையான அடிமை அணியும் தொப்பி, கீழே 'மார்ச் ஐட்ஸ்' என்ற எழுத்து. செனட்டோ அதே நாளுக்குத் 'தந்தைக் கொலை நாள்' என்று பெயர் வைத்து, அன்று இனிக் கூடுவதில்லை என்று தீர்மானம் போட்டது.