கல்வாழை நட்டால் மட்டும் போதாது

கிணற்றடித் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடுவது நமக்குப் பழகிய வேலை. அதனால்தானோ என்னவோ, வீட்டுக் கழிவுநீருக்குச் செயற்கை ஈரநிலம், அதாவது நீரைச் சுத்தமாக்க ஜல்லி நிரப்பிச் செடி நட்ட பாத்தி, அமைக்கலாம் என்றதும் பலரும் முதலில் நாற்றுப் பண்ணைக்கு ஓடுகிறார்கள். ஆரோவில்லில் இத்தகைய பாத்திகளைப் பார்த்துத் திரும்புபவர்கள் மனத்திலும் பூதான் தங்குகிறது. ஆனால் அழுக்கின் பெரும்பகுதியைத் தின்பவை ஜல்லியின்மேல் வழுவழுவென்று படிந்து வாழும் நுண்ணுயிர்கள். கல்வாழை, நாணல், சம்பு எல்லாம் அவற்றுக்குத் துணைதான்.

ஆகவே ஜல்லியில் ஏமாறக் கூடாது. கிரஷரிலிருந்து வந்ததைக் கழுவாமல் கொட்டினால், ஒட்டியிருக்கும் தூசு சேறாக இறங்கி இடுக்குகளை அடைத்துவிடும். நீர் நுழையும் முனையிலும் வெளியேறும் முனையிலும் ஒன்றரை அங்குல ஜல்லி, நடுவில் கழுவிய முக்கால் அங்குல ஜல்லி என்று நிரப்புங்கள். மண் வேண்டவே வேண்டாம். செடி ஜல்லியிலேயே வேர்பிடிக்கும்.

அடுத்த எதிரி சமையலறை. எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் நேரே பாத்திக்குள் போகக் கூடாது. நடுவே ஒரு சிறு தொட்டி கட்டி, மிதக்கும் பிசுக்கை வாரந்தோறும் வழித்தெடுக்க வேண்டும். கட்டும்போது வீடே கூடி நிற்கும். வழிக்கும் நாளில் ஒருவரையும் காணோம்! கழிப்பறை நீரையும் சேர்ப்பதானால், செப்டிக் டேங்கைத் தாண்டி வந்த பிறகே விட வேண்டும்.

இடம் போதாது என்று பாத்தியைச் சுருக்குவதும் வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர், ஆளுக்கு 100 லிட்டர், நாளுக்கு 400 லிட்டர். 8 சதுர மீட்டர் பாத்தியில் அரை மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் மொத்தம் 4 கன மீட்டர். அதில் ஜல்லி போக இடுக்கு சுமார் 40 சதவீதம், அதாவது 1,600 லிட்டர். நீர் நான்கு நாள் தங்கும். பாத்தி பாதியானால் இரண்டே நாள், நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் நேரமும் பாதி.

நீர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அழகு என்று மட்டத்தை ஏற்றுபவர்கள் கொசு வளர்க்கிறார்கள். ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழேயே நீர் நிற்க வேண்டும். வெளியேறும் குழாயில் திருப்பக்கூடிய ஓர் எல்போ (வளைவு இணைப்பு) இருந்தால் மட்டத்தைச் சரிசெய்துகொள்ளலாம். அடியையும் பக்கங்களையும் நீர் கசியாதபடி பூசிவிடுங்கள், கிணறு பக்கத்தில் இருந்தால் கட்டாயம். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கொட்டினால் நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.

வெளிவரும் நீர் தெளிவாக இருக்கும், வாடையும் குறைந்திருக்கும். கிருமி முழுதும் போயிருக்காது. தென்னைக்கும் வாழைக்கும் விடலாம். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிப் பாத்திப் பக்கம் திருப்ப வேண்டாம்.